கார் டோட்டல் லாஸ் ஆகிவிட்டால்: செங்கோட்டை எல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை, புளியரை தாண்டி கேரளாவின் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போகிற 744 நெடுஞ்சாலையில் வளைவுகளும் அதிகம், லாரிகளும் அதிகம். குற்றால சீசனிலும் சபரிமலை சீசனிலும் கேட்கவே வேண்டாம். அங்கே அடிபட்ட கார்கள் எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளுக்குத்தான் வந்து சேரும். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பேப்பர் பார்க்கிற வேலை என்பதால் ஒரே கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பதட்டத்தில் இருக்கிறவருக்கு வாய்வார்த்தையாகச் சொன்னால் மனதில் நிற்பதில்லை, அதனால் எழுதியே வைத்துவிட்டேன். ஆள் பிழைத்து வந்ததே பெரிது, உண்மைதான். ஆனால் வரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுக்க அது காரணமில்லை.

டோட்டல் லாஸ் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

சேதத்தை மதிப்பிட இன்ஷூரன்ஸ் நிறுவனம் அனுப்புகிற சர்வேயரின் அறிக்கையை வைத்து நிறுவனம் முடிவு செய்யும். கணக்கு இதுதான்: வண்டியை மீட்டு ரிப்பேர் செய்ய ஆகும் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ். ஐ.டி.வி. என்பது உங்கள் பாலிசியின் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் வண்டி மதிப்பு. அந்தப் பக்கத்தை இப்போதே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"இந்த மாடல் இன்னைக்கு மார்க்கெட்ல அவ்வளவு போகாது" என்று சொல்லி ஐ.டி.வி.யையே குறைக்கிறார்கள். சரியா?

சரியில்லை. டோட்டல் லாஸ் கிளெய்முக்கு, பாலிசி காலம் முழுவதும் ஐ.டி.வி.தான் சந்தை மதிப்பு. அதில் மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது. வண்டி இன்ஷூரன்ஸுக்கான விதித்தொகுப்பான 2002-ஆம் வருட இந்திய மோட்டார் தாரிஃப்பில் எழுதியிருப்பதே இதுதான். பிரீமியம் வாங்கும்போது ஒரு மதிப்பு, பணம் கொடுக்கும்போது ஒரு மதிப்பு என்று நிறுவனம் பேச முடியாது என்பதை தர்மேந்திர கோயல் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

தேய்மானம் ஏற்கெனவே ஐ.டி.வி.க்குள் கழிந்துதான் இருக்கிறது. ஷோரூம் விலையில் முதல் 6 மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம் கழிப்பார்கள். ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு நீங்களும் நிறுவனமும் ஒத்துக்கொண்ட தொகை.

இங்கேதான் பலர் ரினீவலின்போதே தோற்றுவிடுகிறார்கள். பிரீமியத்தில் ஆயிரம் இரண்டாயிரம் குறையும் என்று ஐ.டி.வி.யை இறக்கிப் போடச் சொல்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அதை ஏற்ற யாராலும் முடியாது. ஆக, ஐ.டி.வி. பேரம் பேச வேண்டிய நாள் ரினீவல் நாள்தான்.

அப்படியென்றால் விபத்துக்குப் பிறகு பேரம் பேச என்ன இருக்கிறது?

மூன்று இடம் இருக்கிறது. வண்டி டோட்டல் லாஸா, ரிப்பேரா என்பது ஒன்று. உடைந்த வண்டிக்கு, அதாவது சால்வேஜுக்கு, அவர்கள் போடும் விலை இரண்டாவது. மற்ற பிடித்தங்கள் மூன்றாவது. பெரிய பணம் இரண்டாவதில்தான் போகிறது. அதைத்தான் மக்கள் கவனிப்பதே இல்லை.

சால்வேஜ் விலை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி.

பாலிசியில் எழுதியிருப்பது "ஐ.டி.வி.யில் உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துத் தருவோம்" என்பதுதான். அதனால் அந்த மதிப்பு ஏற ஏற உங்கள் கைக்கு வரும் செக் சுருங்கும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஷோரூம் விலை 8,40,000 ரூபாய், ஐந்தாவது வருடம் ஓடுகிற கார். ஐ.டி.வி. 4,20,000. நிறுவனம் ஆன்லைன் ஏலத்தில் படம் போட்டு, சால்வேஜுக்கு 1,10,000 கேட்பு வந்திருக்கிறது என்கிறது. கிளெய்மில் வழக்கமாகக் கழிக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000. ஆக உங்களுக்கு 3,09,000 ரூபாயும் உடைந்த காரும். அந்தக் காரை நீங்கள் தென்காசியில் ஒரு காயலான் கடைக்காரரிடம் காட்டினால் அவர் சுற்றிப் பார்த்துவிட்டு 70,000 என்கிறார். 40,000 ரூபாய் அங்கேயே போய்விட்டது.

இதற்கு வழி உண்டு. 1,10,000 கொடுக்கிறேன் என்று ஏலத்தில் கேட்ட ஆளை அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஆள் வந்து பணத்தைக் கட்டி வண்டியை எடுத்தால் உங்களுக்கு நஷ்டமில்லை: அவரிடமிருந்து 1,10,000, நிறுவனத்திடமிருந்து 3,09,000, மொத்தம் 4,19,000. ஆள் வரவில்லை என்றால் அந்த விலை வெறும் காகித விலை, அதைக் கழிக்க அவர்களுக்கு நியாயம் கிடையாது. ஏலக் கேட்புக்குக் காலக்கெடு உண்டு என்பதையும் கவனியுங்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று நீங்கள் இழுத்தடித்தால் கேட்டவர் விலகிவிடுவார், ஆனால் கழிக்கும் தொகை மட்டும் அப்படியே நிற்கும்.

போனில் பேசாதீர்கள். மெயில் அனுப்புங்கள். நான் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"ஐயா, எனது காரின் சால்வேஜ் மதிப்பு ரூ. 1,10,000 என்று தெரிவித்திருக்கிறீர்கள். அந்த விலைக்கு வண்டியை நான் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. அந்த விலை கேட்டவரைக் கொண்டு வண்டியை எடுக்க ஏற்பாடு செய்யவும். அது முடியாவிட்டால், உள்ளூரில் கிடைத்த எழுத்துமூல விலையான ரூ. 70,000-ஐ மட்டும் கழிக்கவும். சர்வே அறிக்கையின் நகலையும், ஏலக் கேட்புகளின் பட்டியலையும் அனுப்பவும்."

உள்ளூர் விலையை இரண்டு மூன்று கடைகளில் லெட்டர்பேடில் எழுதி வாங்கி இணைத்தால் கடிதத்துக்குப் பலம் கூடும். புனலூர் பக்கம் ஒரு விலையும் இந்தப் பக்கம் ஒரு விலையும் வாங்கி வைப்பது நல்லது. கேரளப் பதிவு வண்டியைப் பிரித்து விற்கிறவர்கள் அங்கேதான் நல்ல விலை கேட்பார்கள்.

எஸ்டிமேட் 75 சதவீதத்தைத் தாண்டியும் ரிப்பேர்தான் என்கிறார் சர்வேயர். எப்படி?

"பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்று மேலே சொன்னேனே, அங்கேதான் முடிச்சு. ஒர்க்‌ஷாப் போடுவது மொத்த எஸ்டிமேட். சர்வேயர் அதில் உதிரிபாகத் தேய்மானத்தைக் கழித்துவிட்டு நிகரத் தொகையைப் பார்ப்பார். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபருக்கு 30, கண்ணாடிக்கு இல்லை. இரும்பு பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, நாலு முதல் ஐந்து வருட வண்டிக்கு 35 சதவீதம்.

அதே காரையே எடுத்துக்கொள்வோம். 75 சதவீதம் என்பது 3,15,000. எஸ்டிமேட் 3,60,000: இரும்பு 1,60,000, பிளாஸ்டிக் 80,000, கண்ணாடி 20,000, கூலி 1,00,000. இரும்பில் 56,000, பிளாஸ்டிக்கில் 40,000 கழிந்தால் மிச்சம் 2,64,000. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. வண்டியை ரிப்பேர் செய்தால் 96,000 உங்கள் கைக்காசு. ஜீரோ டெப் பாலிசி இருந்தால் இந்தக் கழிவு இல்லை, அதனால் கணக்கு மாறும்.

இந்த நிலையில் சர்வேயரோடு சண்டை போட்டுப் பயனில்லை. வண்டியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பானெட்டும் பம்பரும்தான் போனது மாதிரி தெரியும். பிரித்தால் சேசிஸ் லெக் உள்ளே மடிந்திருக்கும், ஏப்ரன் கிழிந்திருக்கும், ஏர்பேக் வெடித்த வண்டியில் சீட் பெல்ட்டும் அதன் கன்ட்ரோல் யூனிட்டும் மாற்ற வேண்டியிருக்கும். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் லிஃப்ட்டில் ஏற்றிய பிறகுதான் பின்சக்கர ஆக்ஸில் பீம் ஒரு பக்கம் விலகியிருந்ததே தெரிந்த வண்டியும் உண்டு. சப்ளிமென்ட்ரி எஸ்டிமேட் போட்டு, சர்வேயரை மறுபடி வரவழைத்து, அவர் முன்னால் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். உண்மையான சேதத்தை முழுசாகக் காட்டினாலே போதும். இல்லாத சேதத்தைச் சேர்க்கச் சொல்லி எந்த ஒர்க்‌ஷாப்காரர் ஆசை காட்டினாலும் சம்மதிக்காதீர்கள், முழுக் கிளெய்மும் போய்விடும்.

சர்வேயர் சொன்னதே கடைசி வார்த்தை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி இல்லை என்று பிரதீப் குமார் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விபத்து கேரளாவில். வண்டி தமிழ்நாடு. எந்த போலீஸ் பேப்பர் வேண்டும்?

விபத்து நடந்த எல்லையைச் சேர்ந்த ஸ்டேஷன் பேப்பர்தான் வேண்டும். கேரளாவில் ஜி.டி. என்ட்ரி (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பின் பதிவு) தருவார்கள், நம் பக்கத்தில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கான ரசீது). ஆளுக்கு அடிபட்டிருந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம். வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு புளியரை தாண்டி வந்துவிட்டு, செங்கோட்டையில் புகார் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இடம் மாறினால் கிளெய்ம் பாரத்தில் கேள்வி வரும். ஜி.டி.யில் உள்ள தேதி, நேரம், இடத்தின் பெயர், ஓட்டியவர் பெயர் நான்கும் கிளெய்ம் பாரத்தோடு ஒத்துப்போக வேண்டும். இடத்துக்கு நீங்கள் ஒரு பெயர் சொல்வீர்கள், போலீஸ் ஒரு பெயர் எழுதியிருக்கும். ஜி.டி.யில் உள்ளதையே பாரத்தில் எழுதுங்கள்.

பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும். வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே சர்வேயர் வருவார். இன்ஷூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் போட்ட விதிப்படி கிளெய்ம் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வாங்க வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தாமதமானால் இந்த மூன்று எண்களையும் மெயிலில் எழுதுங்கள்.

ரெக்கவரி வேன், ஒர்க்‌ஷாப் வாடகை எல்லாம் யார் தலையில்?

வழக்கமான பாலிசியில் காரை இழுத்து வர 1,500 ரூபாய்தான். மலையிலிருந்து கிரேன் வைத்துத் தூக்கினால் அது எந்த மூலைக்கு! ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் முதலில் அந்த நம்பரைக் கூப்பிடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் இறக்கும்போதே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: டோட்டல் லாஸ் ஆகி வண்டி இங்கே ரிப்பேர் ஆகவில்லை என்றால், எஸ்டிமேட் போட்டதற்கு எவ்வளவு, வண்டி நிற்கும் நாளுக்கு எவ்வளவு? இதைக் கேட்காமல் விட்டவர்கள் செட்டில்மென்ட் முடிந்து வண்டியை வெளியே எடுக்கும்போது பெரிய பில்லைப் பார்த்து நிற்பதுண்டு. கிளெய்ம் நீண்டால் இந்தச் செலவை நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள், குறிப்பாகத் தாமதம் அவர்கள் பக்கம் என்றால்.

புனலூர்ல செகண்ட் ஹேண்டா வாங்கிய கேரள வண்டி. ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பேரில். கிளெய்ம் வருமா?

எல்லையில் இது ஊரறிந்த சங்கதி, அதனால் நேராகச் சொல்கிறேன். பாலிசியும் பழைய ஓனர் பேரில் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வருவது மிகவும் கடினம். அடுத்தவருக்கு ஏற்பட்ட பாதிப்புக்கான தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு மட்டும் வண்டியோடு கூடவே மாறும். சொந்தச் சேதத்துக்கான பகுதி, வாங்கிய 14 நாளில் நீங்கள் விண்ணப்பித்து மாற்றினால்தான் உங்களுக்கு. 1995-லேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

விபத்து நடந்த பிறகு பழைய தேதி போட்டுப் பேப்பர் தயாரிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். இன்னும் விபத்து நடக்காத வண்டி என்றால், இந்த வாரமே புனலூர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி இந்தப் பக்கம் மாற்றி, பாலிசியையும் உங்கள் பேருக்குக் கொண்டுவாருங்கள்.

சொந்தக் காரில் ஐயப்ப பக்தர்களை வாடகைக்கு ஏற்றிப்போனோம். சொல்லலாமா, மறைக்கலாமா?

மறைக்க வேண்டாம், பயணிகளின் வாக்குமூலத்தில் எப்படியும் வெளிவரும். சொந்த உபயோகப் பாலிசியில் வாடகைக்கு ஓட்டியது நிபந்தனை மீறல். நிறுவனம் முழுசாக மறுக்கத்தான் பார்க்கும். அமலேந்து சாகு வழக்கில், 2010-ல், வாடகைக்கு விட்டதற்காக மொத்தக் கிளெய்மையும் தள்ளியது சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதைக் காட்டி, "நான் ஸ்டாண்டர்டு" முறையில், அதாவது நிபந்தனை மீறிய கிளெய்முக்குக் குறைத்துத் தரும் முறையில், 75 சதவீதம் வரை கேட்கலாம்.

கார் லோன் பாக்கி இருக்கிறது.

பணம் முதலில் பேங்குக்குப் போகும், மீதிதான் உங்களுக்கு. பாக்கி அதிகமாக இருந்தால் வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். செட்டில்மென்ட் வரும்வரை இ.எம்.ஐ. நிற்காது. கடனை முழுசாக முடிக்க ஆகும் ஃபோர்குளோஷர் கணக்கைப் பேங்கில் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள், அபராத வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் கேட்டவருக்குத்தான் குறைப்பார்கள். புது வண்டிக்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் இந்தப் பள்ளம் நிரம்பிவிடும், ஏனென்றால் இன்வாய்ஸ் தொகையும், பாலிசியைப் பொறுத்து சாலை வரியும் பதிவுச் செலவும் அதில் அடங்கும்.

வேறு என்ன பிடிப்பார்கள்?

கட்டாயப் பிடித்தம் 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பிரீமியம் குறைய நீங்களாகச் சம்மதித்த கூடுதல் பிடித்தம் இருந்தால் அதுவும். உதிரிபாகத் தேய்மானத்தை டோட்டல் லாஸில் பிடிக்கக் கூடாது. பிடித்திருந்தால் உடனே எழுதிக் கேளுங்கள்.

உடைந்த வண்டியை ஒருவர் வாங்க வந்திருக்கிறார். உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் பாரத்தில் வெறும் கையெழுத்து போட்டுத் தரச் சொல்கிறார்.

தயவுசெய்து தராதீர்கள். இந்தப் பக்கம் முழுக்க நான் மன்றாடிக் கேட்பது இந்த ஒன்றைத்தான். உடைந்த வண்டியை வாங்குகிற சிலருக்கு இரும்பு வேண்டாம், ஆர்.சி.யும் சேசிஸ் நம்பரும்தான் வேண்டும். அதே மாடலில் திருடிய வண்டிக்கு அந்த நம்பரை வெட்டிப் பொறித்து ஓட்டுவார்கள். எல்லை தாண்டி ஓடினால் கண்டுபிடிக்க நாளாகும். அந்த வண்டி ஒருவர் மேல் மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு பொறுப்பேற்க வேண்டும் என்று நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வண்டி இனி ஓடவே முடியாத நிலை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி 14 நாளில் அல்லது கூடிய சீக்கிரம் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யுங்கள். ஆயுள் வரியில் திரும்ப வர வேண்டியது உண்டா என்றும் அங்கேயே கேளுங்கள். சரி செய்து ஓட்டப் போகிறேன் என்று வாங்குபவர் சொன்னால், அவர் பேருக்கு மாற்றிய பிறகுதான் முழுச் சாவியும். ஒப்படைக்கும் நாளில் தேதி, நேரம், சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் எழுதி, அவர் ஆதார் நகலோடு கையெழுத்து வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகையும் கிழித்துக் கணக்கை மூடுங்கள்.

"முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் கையெழுத்து போட்டால்தான் பணம் என்கிறார்கள்.

வீட்டுச் செலவுக்கு நெருக்கடி என்றால் போடலாம். அந்தக் கையெழுத்து, கூடுதல் தொகை கேட்கும் உங்கள் உரிமையைப் பறிக்காது என்று 2015 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கையே அனுப்பியிருக்கிறது. ஆனாலும் கையெழுத்துக்கு முன்பே "இந்தத் தொகையை ஆட்சேபணையோடு பெறுகிறேன்" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். பின்னால் பெரிய துணையாக இருக்கும்.

எதிர் வண்டி மேல்தான் தப்பு. அவர்களிடம் வாங்க முடியாதா?

முடியும். உங்கள் நிறுவனம் தராத மிச்ச நஷ்டத்தை, எதிர் வண்டியின் நிறுவனத்திடம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலம் கேட்கலாம். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் வாங்க முடியாது. சட்டத்தில் 6 மாதக் கெடு இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் பகுதித் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், கொல்லத்துக்கு அலைய வேண்டியதில்லை.

எழுதியும் நிறுவனம் அசையவில்லை. அடுத்து?

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார். கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணிலோ பீமா பரோசா தளத்திலோ பதிவு செய்யுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் ஏற்க முடியவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற அதிகாரி. தமிழ்நாட்டில் வசிப்பவர்களுக்குச் சென்னை, கேரளாவில் வசிப்பவர்களுக்குக் கொச்சி. நிறுவனத்தின் பதில் வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். உத்தரவு வந்தால் நிறுவனம் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடக் கெடு. 2019 சட்டப்படி விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆம்புட்ஸ்மேனிடமும் ஆணையத்திடமும் ஒரே நேரத்தில் போக முடியாது என்பதால், சால்வேஜ் விலை, தேய்மானப் பிடித்தம் மாதிரி கணக்குத் தகராறு என்றால் ஆம்புட்ஸ்மேனையே நான் சொல்வேன். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு வேண்டும், சாட்சி விசாரணை தேவைப்படும் என்றால் ஆணையம். எங்கே போனாலும் பாலிசியின் முதல் பக்கம், சர்வே அறிக்கை நகல், இரண்டு எஸ்டிமேட், உள்ளூர் சால்வேஜ் விலைக் கடிதங்கள், நீங்கள் அனுப்பிய மெயில்கள், ஜி.டி. நகல் ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப்போங்கள்.